தமக்கை மகள் கேட்ட படிப்பு

சென்ற வைகாசித் திங்களில், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான அடுத்த ஞாயிறன்று, கல்யாணில் உள்ள எங்கள் ரயில்வே குடியிருப்பில் ஒரு சிறு குடும்ப மாநாடே கூடிவிட்டது. தமக்கையாரும் அத்தானும் டோம்பிவிலியிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு காலை வண்டியிலேயே வந்திருந்தனர். பெண் 88 விழுக்காடு பெற்றுத் தேறியிருந்தாள். இனி வணிகவியலா, கணிப்பொறிப் படிப்பா என்பதொன்றே முடிவு செய்ய வேண்டியது என்று பெரியவர்கள் எண்ணியிருந்தோம். அவளோ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, நான் மகளிரியலை முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் பெற விரும்புகிறேன்" என்றாள்.

அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினர். "பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் பெண்ணைப் பற்றிப் படிக்க ஒரு கல்லூரி வேண்டுமா?" என்றார் எங்கள் அன்னையார். "இதைப் படித்தவளுக்கு எந்த ஆபீசில் நாற்காலி போடுவான்?" என்பது அத்தானின் கேள்வி. "ஆண்களைக் கண்டாலே வெறுக்கச் சொல்லிக் கொடுப்பார்களாமே! நாளை வரன் பார்க்கும்போது என்ன சொல்வது?" என்றார், பேச்சொலி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர். தமக்கையார் மட்டும் ஒன்றும் கூறவில்லை. அடுக்களை வாயிலில் அமர்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார்.

நாமும் அன்று எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தோம். மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு அப்படிப்பின் பெயரே புதிது. ஆயினும் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மாத அவகாசம் கொடு, விசாரித்துச் சொல்கிறோம்" என்று கூறி மாநாட்டை ஒத்திவைத்தோம். அவ்வாறு விசாரித்தறிந்தவற்றையும், அந்த ஒரு மாதத்திற்குள் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு படிப்பின் வரலாறு

மகளிரியல் என்ற பெயரில் ஒரு பாடத்திட்டம் முதன்முதல் அமைந்த இடங்களுள் ஒன்று அமெரிக்க நாட்டின் சான் டியாகோ மாநிலக் கல்லூரி. ஆண்டு 1970. வரலாறு, பொருளியல், இலக்கியம் எல்லாம் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அவற்றுள் மக்களில் பாதிப்பேரின் வாழ்வு ஏன் தென்படவில்லை? மாணவியரும் ஆசிரியைகளும் கேட்ட இக்கேள்வியே அதற்கு வித்து. இன்று அந்நாட்டில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இது பட்டப்படிப்பாக உள்ளது.

ஆனால் இது முழுதும் வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணுவது பிழை. நம் நாட்டில் இதன் பிறப்பு வேறு விதமானது. பெண்களின் நிலையை ஆராய 1971-இல் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் புல்ரேணு குகா அம்மையார். உறுப்பினர்-செயலாளராக இருந்து அறிக்கையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர் வீணா மஜும்தார் அம்மையார். 1974-இல் அவர்கள் அளித்த அறிக்கையின் பெயர் 'சமத்துவத்தை நோக்கி' என்பது. விடுதலை பெற்ற நாட்டில் பெண்கள் முன்னேறி வருகிறார்கள் என்று எழுத எதிர்பார்த்தவர்கள், கணக்கைப் பார்த்ததும் திகைத்துப் போயினர். 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்தனர். 1971-இல் அது 930 ஆகக் குறைந்திருந்தது. சட்டங்கள் வந்தன, பள்ளிகள் வந்தன, மருத்துவமனைகள் வந்தன. பெண்களின் விகிதமோ தேய்ந்துகொண்டே வந்தது. இது ஏன் என்று சொல்ல எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திலும் விடை இல்லை. தாங்களே பேராசிரியர்களாய் இருந்தும் இதனை அறியாமற்போனோமே என்ற வருத்தமே அவர்களைப் புதிய ஆராய்ச்சிக்குத் தூண்டியது.

அதே 1974-இல் பம்பாயில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில், நீரா தேசாய் அம்மையாரின் முயற்சியால் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிப் பிரிவு தோன்றியது. கைம்பெண்களின் கல்விக்காகத் தம் வாழ்வையே அளித்த தோண்டோ கேசவ கார்வே 1916-இல் நிறுவிய பல்கலைக்கழகம் அது. அங்கேயே 1981-இல் முதல் தேசிய மகளிரியல் மாநாடு நடந்தது. மறு ஆண்டு அகில இந்திய அளவில் மகளிரியல் சங்கமும் அமைந்தது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இப்படிப்புக்கு இடமளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு பல இடங்களில் ஆய்வு மையங்களை ஏற்படுத்த உதவியது. நம் தாயகத்திலும் 1984-லேயே கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது.

மராட்டிய மண்ணில் பிழைக்க வந்த நமக்கு மற்றொரு செய்தியும் நினைவிருக்க வேண்டும். 1848-இல் புனே நகரில் சாவித்திரிபாய் புலே பெண்களுக்குப் பள்ளி தொடங்கிக் கற்பித்தார். இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் புனே பல்கலைக்கழகத்தில் மகளிரியல் மையம் ஒன்று 1987 முதல் இயங்கி வருகிறது.

என்னதான் கற்பிக்கிறார்கள்?

பாடத்திட்டங்கள் சிலவற்றை வாங்கிப் பார்த்தோம். விளங்காத சொற்கள் பல இருந்தன. பெண்ணே உடனமர்ந்து விளக்கினாள். அடிப்படையான கருத்து எளியதுதான். பிறப்பால் அமைவது உடற்கூறு. அதன் மேல் ஊரும் உறவும் சாதியும் காலமும் ஏற்றி வைப்பவை வேறு. அவ்வாறு ஏற்றி வைத்ததையே 'பாலினம்' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். பிள்ளை பெறுவது உடற்கூறு. ஆனால் பெற்றவளே இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும், பெற்றவன் உறங்கலாம் என்பது ஏற்பாடு. ஏற்பாடென்றால் மாற்றவும் கூடியதன்றோ?

"மாமா, திருமணப் பந்தலில் சமைப்பவர் யார்?" என்று கேட்டாள். "தவசிப்பிள்ளை, ஆண்பிள்ளைதான்" என்றோம். "வீட்டில் சமைப்பவர்?" என்றாள். விடை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பு ஒன்றே, கூலி கிடைக்குமிடத்தில் அது ஆணின் தொழில், கிடைக்காத இடத்தில் பெண்ணின் கடமை. இதனை வெறும் பேச்சாக விட்டுவிடாமல் கணக்கிட்டுக் காட்டுவது அப்படிப்பின் சிறப்பு. 2019-இல் மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பொன்றை நடத்தியது. கூலியில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடுவோரை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண் ஒரு நாளில் சராசரி 299 நிமிடமும், ஆண் 97 நிமிடமும் செலவிடுவதாக அதில் தெரியவந்தது. ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! நம் அலுவலகத்தில் ஐந்து மணி நேரம் மிகைநேர வேலை பார்த்துப் படி கிடைக்காவிட்டால் சங்கம் கொடி பிடிக்கும்.

சட்டமும் ஒரு பாடம். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்களித்தது. பிதுரார்ஜிதக் கூட்டுச் சொத்திலோ பிறப்புரிமை மகனுக்கே இருந்தது. 1989-இல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தி மகளுக்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. நாடு முழுவதற்கும் அது வந்தது 2005-இல்தான். ஊரில் பூர்விக நிலம் வைத்திருக்கும் நம்மவர் எத்தனை பேர் இதனை அறிவோம்?

வரலாற்றுப் பாடத்தில் நாம் அறிந்த பெயர்களும் வருகின்றன. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, 1927-இல் சட்டமன்ற உறுப்பினராகித் துணைத்தலைவராகவும் விளங்கினார். நம் மும்பையிலேயே வாழ்ந்து எழுதிவரும் அம்பை என்ற சி.எஸ்.லட்சுமி அம்மையார், பெண்களின் வாழ்வுகளை ஒலியாகவும் படமாகவும் சேர்த்து வைக்கும் 'ஸ்பாரோ' என்ற ஆவணக்களரியை 1988-இல் தொடங்கினார். தமிழில் பெண் எழுத்தாளர்கள் என்பது அவரது ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்று. 2021-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற அவர் நம்மைப்போலவே புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தவர் என்பதை அத்தானிடம் சொன்னபோது அவர் முகம் சற்றே இளகியது.

நம் ரயில்வேகூட அவர்களுக்குப் பாடமாகும். 1992-இல் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்குமிடையே பெண்களுக்கென்றே ஒரு தனி வண்டி விடப்பட்டது. 2017-இல் மாதுங்கா நிலையம் முழுவதும் பெண் ஊழியர்களின் பொறுப்பில் வந்தது. இவற்றைப் பெருமையாகச் சொல்லி நிறுத்திவிடுவோம் நாம். அப்படிப்போ மேலும் கேட்கிறது. தனி வண்டி ஏன் தேவைப்பட்டது? அது கிடைக்காத நேரத்தில் இறங்கும் பெண் இருட்டான நடைபாலத்தை எவ்வாறு கடக்கிறாள்? நிலையத்தில் ஒதுங்குமிடம் சுத்தமாயில்லாவிட்டால் பகலெல்லாம் தண்ணீர் குடியாமல் வேலை செய்கிறவள் உடல் என்னவாகும்? பல்லாண்டுகளாக நிலையத்திலேயே கிடக்கும் நமக்கு இக்கேள்விகள் ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஆண்களை வெறுக்கச் சொல்கிறார்களா என்றும் தேடிப் பார்த்தோம். அப்படியொன்றும் இல்லை. ஆணுக்கு ஏற்றிவைத்த சுமைகளும் அங்கே ஆராயப்படுகின்றன: அழக்கூடாது, அஞ்சக்கூடாது, வேலை போனால் வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்றெல்லாம் பையன்களை வளர்க்கிறோமே, அவையுந்தாம். வண்டிகளில் கைதட்டி வரும் திருநங்கையரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 2008-இல் நலவாரியம் அமைந்ததும், 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றதும் அங்கே பாடங்கள். எனினும் இப்படிப்புக்கு எதிர்ப்பே இல்லையென்று சொல்வதற்கில்லை. 2018-இல் ஹங்கேரி நாட்டு அரசு பாலினப் படிப்புக்கு அளித்த அங்கீகாரத்தையே நீக்கிவிட்டது. கேள்வி கேட்கும் படிப்பு எல்லார்க்கும் இனிப்பதில்லை.

வெறுமையாக இருந்த கலம்

இனி எங்கள் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும்.

அறிமுகப் புத்தகம் ஒன்றில் கண்ட பயிற்சியென்று சொல்லி, பெண் ஒரு மாலை பெரிய தாளொன்றைக் கொண்டுவந்தாள். குடும்பத்தில் மூன்று தலைமுறையார் பெயரும் அதில் வரிசையாக இருந்தன. எதிரே நான்கு கலங்கள்: படித்த வகுப்பு, நிறுத்திய வயது, பிறகு செய்த வேலை, நிறுத்திய காரணம். பாட்டி, ஐந்தாம் வகுப்பு, வயதுக்கு வந்ததால் நிறுத்தப்பட்டார். மாமா, மெட்ரிகுலேஷன், ரயில்வே குமாஸ்தா, வேலை கிடைத்ததால். அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு, வயது 20, வீட்டு வேலை. அதற்கெதிரே காரணம் என்ற கலம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அம்மாவைக் கேட்டேன், மறந்துவிட்டது என்கிறாள். உங்களுக்கு நினைவிருக்கிறதா மாமா?" என்றாள்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு கலம் நிரப்பப்படாமல் தாள் சென்றால் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றும் அந்தத் தாள் நம்மிடமே திரும்பி வந்ததாகத் தோன்றிற்று. ஏனெனில் அக்கலத்தில் எழுத வேண்டியது நமக்குத் தெரியும்.

எங்கள் தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். அப்போது நமக்கு வயது 18, தமக்கையாருக்கு 20. நாம் மெட்ரிகுலேஷனுடன் நின்று ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். அவர் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, தட்டச்சுத் தேர்விலும் தேறி, தபால் வழியே பட்டப்படிப்பும் தொடங்கியிருந்தார். கருணை அடிப்படையில் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு என்று அறிவிப்பு வந்தது. மகனுக்குத்தான் என்று விதியில் இல்லை, மகளும் பெறலாம். மனுவில் எந்தப் பெயரை எழுதுவது என்று வீட்டில் கால் மணி நேரங்கூட யோசிக்கவில்லை. "அவள் நாளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், வேலையும் அவளோடு போய்விடும்" என்றார் மாமன் ஒருவர். எல்லாரும் தலையசைத்தனர். தமக்கையாரை யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. மனுவை அழகான கையெழுத்தில் நிரப்பித் தந்தவரே அவர்தாம்.

வேலை உறுதியாவதற்குத் தட்டச்சில் தேற வேண்டுமென்றனர். முதன்முறை தவறினோம். பிறகு மூன்று மாதம், மாலைதோறும் பக்கத்தில் அமர்ந்து, எந்த விரல் எந்த எழுத்தில் என்று சொல்லிக்கொடுத்து நம்மைத் தேற வைத்தவரும் அவரே. அவ்வாண்டே, தந்தையாரின் பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு அவர் திருமணம் நடந்தது. தபால் பாடப் புத்தகங்கள் பரணுக்குப் போயின.

அத்தான் நல்லவர், தமக்கையார் குறையொன்றும் சொன்னதில்லை. இத்தனை ஆண்டுகளாக நாம் அதனை அநீதியென்று எண்ணியதுமில்லை. உலக வழக்கம் என்றே எண்ணியிருந்தோம். யாரும் கெட்ட எண்ணத்துடன் செய்யவில்லை. ஆயினும் ஒருவர் நாற்காலியில் மற்றொருவர் அமர்ந்தாயிற்று. இவ்வாறு ஒருவர்மேலும் பழியின்றி நிகழ்ந்துவிடுவது எவ்வாறு என்று ஆராய்வதற்கே ஒரு படிப்பு இருக்குமானால், அதனை வீண் படிப்பென்று சொல்ல நமக்கு வாயேது?

பேனாவை வாங்கி, அந்தக் கலத்தில், "தம்பிக்கு வேலை தரப்பட்டதால்" என்று நாமே எழுதினோம். பெண் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தாளைத் தாயிடம் கொண்டுபோனாள். தமக்கையார் நெடுநேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கையெழுத்து இன்னும் திருந்தவில்லையடா உனக்கு" என்றார். அவ்வளவே.

வேலையும் வழியும்

உணர்ச்சி ஒருபுறமிருக்க, வயிற்றுப்பாட்டையும் பார்க்கத்தானே வேண்டும்? அத்தானின் கேள்வி நியாயமானதே. நாம் அறிந்தவரை நிலைமை இதுதான்.

நம் நாட்டில் மகளிரியல் பெரும்பாலும் முதுகலையிலும் ஆராய்ச்சியிலுமே உள்ளது. இளங்கலையில் அதனையே முதன்மைப் பாடமாக வைத்த இடங்கள் சிலவே. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், தில்லியில் அம்பேத்கர் பல்கலைக்கழகம் முதலியவை இத்துறையில் பெயர் பெற்றவை. இந்திராகாந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தின் வழியாக வீட்டிலிருந்தே முதுகலை பயிலவும் வாய்ப்புண்டு. 2020-ஆம் ஆண்டுப் புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு, முதன்மைப் பாடம் ஒன்றும் துணைப் பாடம் ஒன்றுமாகச் சேர்த்துப் படிக்கும் முறை பல கல்லூரிகளில் வந்திருக்கிறது.

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றாலும், அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமாயின், ஆட்சிப் பணித் தேர்வும் வங்கித் தேர்வும் எழுதத் தடையில்லை. நம் ரயில்வேயின் பட்டதாரித் தேர்வுகளும் அவ்வாறே. சட்டம், சமூகப்பணி, இதழியல் ஆகியவற்றுக்கு மேற்கொண்டு செல்லலாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் பெண்கள் மீதான பாலியல் தொல்லை குறித்து விசாரிக்கக் குழு இருந்தாக வேண்டும். அக்குழுக்களுக்கும், அரசுத் திட்டங்களுக்கும், தொண்டு நிறுவனங்களுக்கும் இத்துறை அறிந்தோர் தேவை. கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்விலும் மகளிரியல் ஒரு பாடம். ஒரு குறையையும் மறைக்கலாகாது. பள்ளி ஆசிரியையாக விரும்புவோர் பள்ளியில் கற்பிக்கப்படும் பாடமொன்றைப் படித்திருக்க வேண்டும். மகளிரியல் மட்டும் அங்கே உதவாது. ஆதலின் பொருளியல், வரலாறு, சமூகவியல் இவற்றுள் ஒன்றையும் கைவிடாதிருப்பது நலம்.

எங்கள் பெண் விரும்பியபடி முதன்மைப் பாடமாகவே இருந்த ஓரிடத்தில் கட்டணத்தைக் கேட்டோம். அது நம் ஓராண்டுச் சம்பளத்தையும் விழுங்கிவிடும் போலிருந்தது. ஆகவே உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் சமூகவியலை முதன்மைப் பாடமாகவும் மகளிரியலைத் துணைப் பாடமாகவும் கொண்டு சேர்ந்திருக்கிறாள். பட்டம் பெற்றபின் முதுகலையில் தன் விருப்பப் பாடத்தையே எடுப்பாள் என்பது ஒப்பந்தம். முதலாண்டுக் கட்டணத்தை நாம் செலுத்தினோம். அத்தான் வேண்டாமென்று மறுத்தார். "இது உதவியன்று, பழைய பாக்கி" என்றோம். தமக்கையார் அத்தானைத் தடுத்து, "வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்புள்ள சங்கத்துக் குடும்பத்தாரே! ஊரை விட்டு வந்தபோது நாம் கொண்டுவந்தவை பல. மொழியைக் கொண்டுவந்தோம், கோயிலையும் கொலுவையும் கொண்டுவந்தோம், கேட்காமலே பழகிய வழக்கங்களையும் கூடவே கட்டிக்கொண்டு வந்தோம். அவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை இறக்கி வைப்பது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் படித்து வந்தால் அது நமக்கும் நன்மையே. உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ இத்தகைய படிப்பைக் கேட்டால், மறுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து அந்த நான்கு கலங்களை வரைந்து பாருங்கள். எந்தக் கலமேனும் வெறுமையாக நின்றால், அதனை நிரப்ப வேண்டியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.